பித்தளைத் தூக்கில் ஒரு ப்ரீஆம்ப்

எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. பற்றவைக்கப் போய் மூன்று டிபன் பாக்ஸ்களின் அடியைக் கருக்கிய பிறகுதான் இந்த உண்மை எனக்குத் தெரியவந்தது. நாலாவதாக, திருமங்கலத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் போய் அம்மாவிடம் ஒரு பித்தளைத் தூக்கு கேட்டேன். உள்ளே ஈயம் பூசியது, அம்மாவின் கல்யாணச் சீரோடு வந்தது, வயிற்றில் அவள் பெயர் வெட்டியது.

“சோறு கொண்டுபோகவா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா. உள்ள ரேடியோ மாதிரி ஒண்ணு வெச்சு மூடணும்.”

“ரேடியோவை மூடி வெச்சா எப்படிடா பாட்டுக் கேக்கும்?”

“பாட்டுக் கேக்கக் கூடாதுன்னுதான் மூடுறதே.”

அம்மா பரணிலிருந்து தூக்கை இறக்கினாள். “உத்தியோகத்துல இருக்கான்னு சொல்லித்தான் உனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கேன். இதையெல்லாம் வெளிய சொல்லிறாத” என்று சொல்லித் தூக்கைக் கொடுத்தாள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மதுரைக்கு மேற்கே, ஜன்னலைத் திறந்தால் நாகமலை தெரிகிற ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் நான் கருவிக்கூட உதவியாளன். பழுதான மீட்டர்களைத் திறப்பது, திறந்ததை மூடுவது, இதுதான் வேலை. இரண்டுக்கும் நடுவில் சில மீட்டர்கள் தாமாகவே சரியாகிவிடும். அந்தப் பெருமையும் எனக்கு வந்து சேரும்.

அதே துறையில் ஆராய்ச்சி மாணவன் ஒருவன் இருந்தான். அவன் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவில் ஒரு கண்மாய்தான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் எங்கள் சித்தப்பா வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் வந்தவர்கள். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசியதில்லை. பேசாததால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவன் என்னை அண்ணே என்பான். நான் அவனை மாப்ள என்பேன். ஒரு டீயை இரண்டாக ஆற்றிக் குடிப்போம். இதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

அவன் ஆராய்ச்சி ஆல்ஃபா துகள்களைப் பற்றியது. ஒரு மெல்லிய படலத்துக்குள் புகுந்து மறுபக்கம் வருகிற துகள், போகிற வழியில் எவ்வளவு சக்தியைத் தொலைக்கிறது என்று அளக்க வேண்டும். அளப்பதற்கு டிடெக்டர் வேண்டும். நாலணாக் காசு அகலம், முகத்தில் தங்கப் பூச்சு. அதில் ஒரு துகள் விழுந்தால் ஒரு துளி மின்னூட்டம் பிறக்கும். துளி என்பதே அதற்குப் பெரிய வார்த்தை. அந்தத் துளியைச் சிந்தாமல் ஏந்தி, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு துடிப்பாக உயர்த்திக் கொடுக்கிற முதல் கருவிக்குத்தான் ப்ரீஆம்ப் என்று பெயர். உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. வாசலில் ஒரு டிரான்சிஸ்டர், மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கிற ஒரு குட்டிக் கெபாசிட்டர், பிடித்ததை மெல்ல மெல்ல வடியவிடுகிற ஒரு ராட்சச மின்தடை. வடிவது அந்த ஒரு வழியாகத்தான் இருக்க வேண்டும். வேறெங்காவது கண்ணுக்குத் தெரியாத கசிவு இருந்தால் தீர்ந்தது.

துறையில் இருந்த வெளிநாட்டு ப்ரீஆம்ப் முந்தின வருஷத்து இடியில் செத்துப்போயிருந்தது. புதிது வர ஒரு வருஷமாவது ஆகும். டிடெக்டர் இரவல் சரக்கு, வடக்கே ஓர் ஆய்வுக்கூடம் நாற்பது நாளைக்குக் கொடுத்தது. அவனுடைய உதவித்தொகையும் அந்த வருஷத்தோடு முடிகிறது. அந்த நாற்பது நாளுக்குள் அளவு எடுத்தால் கடைசி அத்தியாயம். அத்தியாயம் இருந்தால் பட்டம். அவன் ஊரில் அதற்கு முன் பள்ளிப் படிப்பைத் தாண்டினவர்களே இல்லை.

பேராசிரியர் அறையில் எல்லோரும் தரையைப் பார்த்து நின்றபோது, “பத்து நாள்ல நான் செஞ்சு தாரேன் சார்” என்று ஒரு குரல் கேட்டது. யாரடா இவன் என்று திரும்பிப் பார்த்தேன். என் குரல்தான்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். “அண்ணே, இதுக்கு முன்னாடி செஞ்சிருக்கீகளா?”

“செஞ்சதில்லை. ஆனா செத்துப்போன ப்ரீஆம்பைத் தெறந்து பாத்திருக்கேன்.”

“பொணத்தைப் பாத்தவனெல்லாம் டாக்டராண்ணே?” என்று சிரித்தான். அவனுக்கு அப்போது சிரிக்கத் தெம்பு இருந்தது.

சாமான் சேர்த்த கதை தனி. அந்தக் குட்டிக் கெபாசிட்டர் மதுரையில் எந்தக் கடையிலும் இல்லை. டவுன்ஹால் ரோட்டில் ரேடியோ சாமான் விற்கிறவர், “இம்புட்டுச் சின்ன அளவெல்லாம் வாங்குறதில்ல தம்பி, ரெண்டு கம்பியைச் சேத்து முறுக்கிக்க” என்றார். நக்கல் என்று நினைத்து இரண்டு கடை தள்ளிப் போய் யோசித்தால், அது சரிதான். இரண்டு இனாமல் கம்பியை அரை விரற்கடை முறுக்கினால் அந்த அளவு வந்துவிடும். ராட்சச மின்தடை, உடைந்த ஒரு பி.எச். மீட்டரின் வயிற்றில் கிடைத்தது. டிரான்சிஸ்டர் மட்டும் பேராசிரியர் எங்கிருந்தோ வரவழைத்தார். மூன்றே மூன்று.

அந்த டிரான்சிஸ்டர் பயந்த பிறவி. நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலை மின்சாரம் பட்டாலே உயிரை விட்டுவிடும். அதனால் தொடுகிறவன் தன் உடம்பைக் கம்பியால் பூமியோடு இணைத்துக்கொள்ள வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. மணிக்கட்டில் மாட்ட ஒரு பட்டை உண்டாம். எங்களிடம் ஏது? ஆனால் என் இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. வெள்ளியைவிட நல்ல கடத்தி உண்டா? சட்டையைத் தூக்கி, அரைஞாணில் ஒரு கிளிப்பை மாட்டி, மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

கடிதக் கட்டோடு உள்ளே வந்த அட்டெண்டர் நின்று பார்த்தார். “என்னண்ணே, ஓடிப்போயிருவீகன்னு கட்டிப் போட்டுட்டாகளா?”

“ஆமண்ணே. பத்து நாள்ல செய்யிறேன்னு சொன்னேன்ல, அதான்.”

எட்டாம் நாள், வெளியே அலைகிற மின்சாரத்தைத் தடுக்கிற பித்தளைத் தூக்குக்குள் எல்லாம் அடங்கியது. பாட்டரியை இணைத்து, சோதனைத் துடிப்பு ஒன்றைக் கொடுத்து, துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டுகிற ஆசிலாஸ்கோப்பைப் பார்த்தோம். கோடு மெல்லிசாக ஓடி, ஓரிடத்தில் படியேறி, மெதுவாகச் சரிந்தது. படத்தில் போட்ட மாதிரியே. அவன் என் தோளைப் பிடித்தான். நான் அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று.

மறுநாள் காலையில் கோட்டுக்கு ரோமம் முளைத்திருந்தது.

இரைச்சல் என்று அதற்குப் பெயர். நாங்கள் கம்பளிப்பூச்சி என்றோம். மெல்லிசாக ஓட வேண்டிய கோடு தடித்து, சிலிர்த்து, ஊர்ந்துகொண்டிருந்தது. போதாததற்கு மெல்ல மெல்ல மேலே ஏறி, உச்சியில் முட்டி நின்றுவிடும். இரைச்சல் இவ்வளவு இருந்தால், படலம் வைத்ததற்கும் வைக்காததற்கும் நடுவில் துகளின் சக்தியில் இருக்கிற வித்தியாசம் அதற்குள்ளேயே மூழ்கிவிடும். அந்த வித்தியாசம்தான் அவன் அத்தியாயம்.

பயம் வந்தால் எல்லோருக்கும் வேர்க்கும். எனக்குக் கூடவே நக்கலும் வரும். உள்ளே எவ்வளவு நடுக்கமோ, வெளியே அவ்வளவு தமாஷ். அந்த ஒரு மாதம் நான் பேசிய தமாஷுக்கு அளவே இல்லை.

முதலில் டியூப் லைட்டைச் சந்தேகப்பட்டேன். அணைத்தேன். பிறகு மின்விசிறி. அதையும் அணைத்தேன். பிறகு கல்லூரித் தண்ணீர் மோட்டார். வாட்ச்மேனிடம் கெஞ்சி நிறுத்தச் சொன்னதில் விடுதியில் அரை நாள் குளிக்கத் தண்ணீர் இல்லை, மாணவர்கள் வாளியோடு என்னைத் தேடி வந்தார்கள். சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மாவு மில்லுக்குப் போய், “உங்க மில்லு ஓடுறப்ப எங்க ஆல்ஃபா துகள் கலங்குது” என்று சொன்னேன். மில்காரர் ரொம்ப மரியாதையாக, “எத்தனை கிலோ சார் இருக்கு?” என்று கேட்டார்.

ஒன்றே ஒன்றுதான் ஆறுதல். நான் டீ குடிக்கப் போய் வந்தால் கம்பளிப்பூச்சி இளைத்திருக்கும். பாதியாகக்கூட இறங்கியிருக்கும். நான் வந்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து, அதையும் இதையும் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி கொழுத்துவிடும். டீ நேரத்தில் மில் நிற்கிறது என்று முடிவு கட்டினேன். மில் நிற்கவில்லை என்று தெரிந்ததும், என் ராசி என்று முடிவு கட்டினேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை டீ குடிக்கப் போனேன். அவன் மட்டும் கூட வருவதை விட்டுவிட்டான். “நீங்க போய்ட்டு வாங்கண்ணே, நான் அளவு பாத்துக்கிட்டிருக்கேன்” என்பான்.

மனித முயற்சி தோற்றதால் சாமியிடம் போனேன். நான் அப்போது சிம்மக்கல்லில் ஒரு அறையில் குடியிருந்தேன். சாதாரணமாகக் காலையில் தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, நெற்றியில் ஒரு கீற்று விபூதி, பஸ்ஸுக்கு ஓட்டம். இப்போது பெரிய கோயிலுக்கே போனேன். சுவாமி சன்னதி விபூதியைப் பொட்டலம் கட்டி வந்து, தண்ணீரில் குழைத்து மூன்று பட்டையாகப் பூசினேன். இரைச்சல் ஏற ஏறப் பட்டையும் அகலமானது. இருபதாம் நாளுக்குமேல் புருவத்திலிருந்து முடி வரைக்கும் நெற்றி என்று ஒன்று தெரியாது. பஸ்ஸில் ஒரு கிழவி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

அவன் ஒரு நாள் சொன்னான். “அண்ணே, வேர்த்து ஒழுகுது. மொகத்தைக் கழுவிட்டு உக்காருங்களேன்.”

“ஏன், என்னையப் பொண்ணு பாக்கவா வர்றாக?”

இன்னொரு நாள் படம் வரைகிற தூரிகை ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்து, “உள்ள கொஞ்சம் தூசி தட்டட்டுமாண்ணே?” என்றான்.

“தூசிக்குப் பயந்தா மதுரையில குடியிருக்க முடியுமா மாப்ள? விடு, அதுபாட்டுக்குக் கெடக்கட்டும்.”

முப்பதாம் நாளுக்குள் மூன்று டிரான்சிஸ்டரில் இரண்டை நானே கொன்றிருந்தேன். மூன்றாவதை வைத்து, மின்விசிறி இல்லாமல், குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஐப்பசி மாதத்துப் புழுக்கம், வெளியே மழை வருகிற மாதிரி நின்றுகொண்டு வராத மத்தியானம். பேராசிரியர் பின்னால் நின்றார். இன்னும் இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள், அட்டெண்டர், எல்லோரும் சுற்றி நின்றார்கள். அவன் தன் தோள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“அண்ணே, இதைத் தலையோட சேத்து நெத்தியில இறுக்கிக் கட்டிக்கங்க. வேர்வை இறங்காது.”

பேராசிரியர் பார்க்கிறார், கையில் கடைசி டிரான்சிஸ்டர். ஆகவே நக்கல் வந்தது.

“ஏன்டா, என்னைய நாத்து நட அனுப்புறியா? நீயே கட்டிக்க. பழக்கப்பட்ட தலை.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

எங்கள் ஊர்ப்பக்கம் யார் தலையில் துண்டு இருக்கலாம், எதுவரை இருக்கலாம் என்று எழுதாத ஒரு சட்டம் உண்டு. வயலில் குனிந்து வேலை செய்கிறபோது அவன் அப்பா தலையில் கட்டியிருப்பார். வரப்பில் சித்தப்பா வருவது தெரிந்தால் அது அவிழ்ந்து கக்கத்துக்குப் போய்விடும். சின்னப் பிள்ளையாகச் சித்தப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு இதெல்லாம் ஞாபகம் வரவில்லை. ஞாபகத்துக்கு அடியில் எங்கோ கிடந்துதான் அந்த வார்த்தை வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு சுலபமாக நாக்குக்கு எப்படி வரும்?

அதற்குப் பிறகும் அவன் தினமும் வந்தான், அளவெடுத்தான், நோட்டில் எழுதினான்.

நாற்பதாம் நாள் டிடெக்டரை அவனே பஞ்சில் சுற்றி, சின்னப் பெட்டிக்குள் வைத்து, மேலே இன்னொரு பெட்டி போட்டு, தைத்து, அரக்கு வைத்தான். தபாலாபீசுக்கு நானும் கூடப் போனேன். ரசீதை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தபின், “வாங்கண்ணே, டீ குடிப்போம்” என்றான். அன்றைக்கும் ஒரு டீதான், இரண்டாக ஆற்றினோம். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். என்ன பேசினேன் என்று சுத்தமாக நினைவில்லை.

பேராசிரியர் வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார். புதுத் தலைப்பென்றால் இன்னும் மூன்று வருஷம், அதுவும் உதவித்தொகை இல்லாமல். இரண்டு வாரத்தில் அவனுக்கு ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலைக்கு உத்தரவு வந்தது. காரியாபட்டி தாண்டி உள்ளே எங்கேயோ. ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. பஸ் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டேன். “வாரேண்ணே” என்றான். எனக்கு மாதச் சம்பளம் மறுமாதமும் ஒன்றாம் தேதி வந்தது.

ஆய்வு நோட்டுகள் துறைக்குச் சொந்தம் என்பதால் அவன் அவற்றை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த நாற்பது நாளும் அந்த நோட்டு என் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. ஒரு தடவைகூட நான் திறக்கவில்லை. அது அவன் வேலை, இது என் வேலை என்று நினைப்பு. மார்கழியில் துறையில் ஆள் இல்லாத ஒரு காலையில், மேஜையை ஒதுக்குகிறபோதுதான் புரட்டினேன்.

அழகான சின்ன எழுத்து. நேரம், இரைச்சல் அளவு, காற்றின் ஈரப்பதம் என்று ஒவ்வொரு நாளும் கோடு போட்ட கட்டங்கள். எல்லாம் ஆங்கிலத்தில். ரோமம் முளைத்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வந்திருந்தான். ஆறாம் நாளுக்கு எதிரே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘வாசல் டிரான்சிஸ்டரின் அருகில் மெல்லிய வெள்ளைத் தூள். மூடி திறந்து வேலை செய்யும்போது மேலிருந்து விழுகிறது. ஈரத்தில் கசிவு உண்டாக்குகிறது. பதினோரு மணி இடைவேளையில் தூரிகையால் அகற்றினேன். இரைச்சல் பாதியானது.’

அடுத்த நாளும் அதேதான். பதினோரு மணி, அகற்றினேன். மூன்று மணி, அகற்றினேன். நான் டீக்குப் போன ஒவ்வொரு நேரமும் அதில் இருந்தது. நான் ஐந்து தடவை போன நாட்களில் ஐந்து தடவை. அவன் எனக்குத் துண்டை நீட்டிய நாளுக்குப் பிறகு அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அளவு மட்டும் எழுதியிருந்தான்.

நோட்டை மூடிவிட்டு நெற்றியைத் தொட்டேன். விரலில் ஒட்டியது.

முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அலமாரியில் கிடந்த துணியைக் கிழித்து நெற்றியை இறுக்கிக் கட்டினேன். தூக்கைத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு உள்ளே ஒவ்வோர் இடமாகத் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமானது. மேஜை விளக்குக்கு அடியில் வைத்து உலரவிட்டு, பாட்டரியை இணைத்தேன். கோடு ஓடியது. நூல் மாதிரி. டியூப் லைட்டைப் போட்டேன், மின்விசிறியைப் போட்டேன். ஜன்னலைத் திறந்தேன், எதிரே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. கோடு அசையவில்லை. சாமியிடம் போகப் போக நான்தான் அதை இன்னும் இன்னும் கெடுத்திருக்கிறேன். சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பேன், அதுதான் அசிங்கம்.

பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். சீமைக்கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓட்டுக் கட்டடம். அவன் சாக்பீஸ் கையோடு வெளியே வந்தான். என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த தூக்கைப் பார்த்தான்.

“கோடு எப்படிண்ணே இருக்கு?”

“நூல் மாதிரி.”

“எம்புட்டு?”

அளவைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டான். “படலம் வெச்சா நல்லாவே பிரிஞ்சு தெரிஞ்சிருக்கும்” என்றான், யாருடைய வேலையையோ பற்றிப் பேசுவது போல.

கட்டடத்தின் பின்பக்கம் நிழல் இருந்தது. அங்கே போய் நின்றோம். நான் கேட்டேன். “ஆறாம் நாளே தெரிஞ்சிருக்கு. ஏன் மாப்ள சொல்லல?”

“சொன்னேன்லண்ணே. மொகம் கழுவச் சொன்னேன். துண்டு கட்டச் சொன்னேன்.”

“அதெல்லாம் சொன்னதா? ஓய், உன் விபூதி கொட்டுது, தொடச்சிட்டு வான்னு ஒரு வார்த்தை.”

அவன் விரலில் இருந்த சாக்பீஸ் தூளைப் பார்த்தான். “உங்க நெத்தியில இருக்கிறதை அழுக்குன்னு நான் சொல்லி, அது ஊருக்குப் போயி… எங்கய்யா இன்னும் அங்கதாண்ணே வேலை பாக்குறாரு.”

“நான் ஊர்ல போய்ச் சொல்லுவேனா?”

“கோபமாச் சொல்ல மாட்டீங்க. தமாசுக்குச் சொல்லுவீங்க.”

சொல்லியிருப்பேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சித்தப்பா களத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்க, ‘நம்ம விபூதி பட்டுத்தான் மிஷின் கெட்டுச்சுன்னு ஒருத்தன் சொல்றான்’ என்று நடித்தே காட்டியிருப்பேன். அவர்கள் சிரித்திருப்பார்கள். ஒருவராவது சிரிக்காமல், யார் மகன் அவன் என்று கேட்டிருப்பார்.

“அன்னைக்குப் பழக்கப்பட்ட தலைன்னு சொன்னது…” என்று ஆரம்பித்தேன்.

“அதை விடுங்கண்ணே.”

“அன்னைக்கு அப்புறம் நீ தூசி தட்டல.”

“தட்டல” என்றான். “தட்டியிருக்கணும். என் வேலைதானே. கோவம். உங்க மேல வந்த கோவத்துல என் வேலையை நானே கெடுத்துக்கிட்டேன். அதை நெனைச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. உங்களை நெனைச்சு இல்ல.”

தூக்கைக் கேட்டு வாங்கினான். பின்வாசல் படியில் வைத்து, மூடியைத் திறக்கிறபோது மூச்சை அடக்கி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். உள்ளே சாய்த்துப் பார்த்தான். ஓரிடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை, இன்னொரு தடவை சூடு காட்டுங்கள் என்றான். மூடிக் கொடுத்தான்.

“நீயே வெச்சுக்க” என்றேன்.

“இங்க வெச்சா சத்துணவுன்னு நெனைச்சுப் பிள்ளைக தெறந்துருமண்ணே.”

நான் பஸ்ஸில் வரும்போதே மனசுக்குள் எழுதி வைத்திருந்ததை அப்போது சொன்னேன். பேராசிரியரிடம் நான் பேசுகிறேன், நடந்ததை என் வாயால் சொல்கிறேன், டிடெக்டரை மறுபடி இரவல் கேட்கலாம், கோடைவிடுமுறையில் இரண்டு மாதம் கிடைக்கும், நீ வந்தால் போதும். மூச்சு விடாமல் சொன்னேன். நடுவில் ஒரு தமாஷும் இல்லை. எனக்கே அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவன் முழுசாகக் கேட்டான். பேராசிரியரிடம் தானே ஏற்கெனவே கேட்டுவிட்டதாகப் பிறகுதான் சொன்னான். கடிதம் போட்டிருக்கிறான், பதிவு முடிந்துவிட்டது என்று பதிலும் வந்திருக்கிறது. அதோடு அந்தப் படலங்களை வேறு ஊரில் யாரோ அளந்து போன மாதம் கட்டுரையும் போட்டுவிட்டார்களாம்.

“அதனால என்ன, வேற படலம் எடுப்போம். நீ வா.”

“அண்ணே, வாரேன்னு சொல்லவா, வரலைன்னு சொல்லவா? எதைச் சொன்னா நீங்க நிம்மதியா பஸ் ஏறுவீக?”

ரோட்டில் புழுதி தெரிந்தது. மூன்று மணி பஸ். அதை விட்டால் ஆறரைக்குத்தான்.

“நெசத்தைச் சொல்லு” என்றேன்.

“வரலைண்ணே.”

ஏழாம் வகுப்புக்கு மணி அடித்தது. அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் ரோட்டுக்கு ஓடினேன்.